மூணு கோடு போட்ட கல்லு

ஞாயித்துக்கிழமை காலையில பாலாத்துக்குக் கல்லு பொறுக்கப் போனேன்.

அன்னிக்கு வேற வேலை எதுவும் இல்ல. பொறுக்கணும், கழுவணும், சாயந்திரம் உங்களுக்கு வீடியோ போட்டுக் காட்டணும். போன வாரமே இங்க பெருசா சொல்லி வெச்சிருந்தேன், நம்ம பாலாத்துலயே அகேட் கிடைக்கும், பாத்துக்கினே இருங்கன்னு. சாயந்திரம் வந்து பாத்துட்டு "கல்லு எங்கக்கா?"ன்னு கேட்ட எல்லாருக்கும் சேத்து இதுதான் பதில்.

அகேட்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன். டாலர்ல, மோதிரத்துல எல்லாம் வெச்சுக் கட்டுவாங்களே, உள்ள வரிவரியா கோடு ஓடற கல்லு, அது. எனக்கே சமீபத்துலதான் தெரியும். போன்ல ஒரு வெள்ளைக்காரம்மா வந்தாங்க. ஏதோ குளிர் ஊரு. கடற்கரைதான், ஆனா மணலே இல்ல, முழுக்கக் கூழாங்கல்லு. அந்தம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கறாங்க. ஒவ்வொண்ணையும் தண்ணியில நனைச்சு வெயில்ல தூக்கிக் காட்டறாங்க. உள்ள பாத்தா கோடு கோடா அப்படியே அள்ளுது. அடுப்புல பருப்பு தீஞ்சு அக்கம்பக்கமெல்லாம் நாறினப்பதான் எனக்கு நெனப்பு வந்துச்சு.

கோடுன்னா எனக்கு உசுரு. பொழப்பே அதான். பட்டுப்புடவைக்கு பார்டரும் முந்தியும் கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா போட்டுக் குடுக்கறவ நான். ஒரு கோடு ஒரு கட்டம் நகந்தாலும் என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது. எங்க முதலாளியே யாராவது புது டிசைன் கொண்டாந்தா, கோடு நேரா இருக்குதான்னு இந்தம்மாகிட்ட காட்டிட்டு வாங்கன்னுதான் அனுப்புவாரு. இந்தப் பெருமை இன்னும் கொஞ்ச நேரத்துல சந்தி சிரிக்கப் போகுது.

காஞ்சிபுரத்துல கடல் இல்ல. பாலாறு இருக்குது. அதுல தண்ணி இல்ல. மணலும் இல்ல, அது எங்க போச்சுன்னு நான் கேக்கப் போறதில்ல, நான் இந்த ஊர்ல இருக்கணும். ரெண்டும் போனதுக்கப்புறம் செவிலிமேட்டுப் பாலத்துக்குக் கீழ மிச்சம் கிடக்கறது கூழாங்கல்லுதான். அந்தம்மாவோட கடற்கரைக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. கடல் ஒண்ணுதான் கொறை.

எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கீழ வெச்சாரு. கல்லு வேணும்னா ஜல்லிக் கடையில சொல்றேன், ஒரு லோடு வாசல்லயே வந்து கொட்டுவான், இதுக்கு எதுக்கு வெயில்ல போறேன்னாரு. ரசனை இல்லாத மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டா இப்படித்தான். நான் பழைய பெயிண்ட் வாளியில பாதிக்குத் தண்ணி ஊத்தி, ஸ்கூட்டர்ல கால் வெக்கற இடத்துல வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

தண்ணி எதுக்குன்னா, அகேட் நனைஞ்சாதான் கலர் எடுத்துக் காட்டும். இது அந்தம்மா சொன்ன டிப்ஸ். பொறுக்கறதை எல்லாம் உடனே தண்ணியில போட்டுடணுமாம். இந்த ஒரு டிப்ஸ்தான் என் மானத்தை வாங்குச்சு.

பாலத்துக்குக் கீழ வண்டியை நிறுத்திட்டு எறங்கினேன். மொதல்ல கிடைச்சது பச்சைக் கல்லு. வெளிச்சத்துல காட்டினா கண்ணாடி மாதிரி ஜொலிக்குது. திருப்பிப் பாத்தா "பீர்"னு பாதி எழுத்து தெரியுது. அடுத்து ஒரு செவப்பு, அது செங்கல்லு. அதுக்கடுத்தது வழவழன்னு உருண்டையா, வெள்ளையில செவப்பும் கருப்பும் புள்ளி புள்ளியா இருந்துச்சு. ஆகான்னு தூக்கிப் பாத்தா, யார் வீட்டையோ இடிச்சுக் கொட்டுன மொசைக் தரையில ஒரு துண்டு. ஆத்துல உருண்டு உருண்டு மூலையெல்லாம் மழுங்கி, நல்ல கல்லு மாதிரியே ஆயிருந்துச்சு. தூக்கிப்போட மனசு வரல. அதையும் வாளியில போட்டேன்.

அப்ப ஒரு அம்மா ஆடு ஓட்டிக்கினு வந்தாங்க. என்னைப் பாத்ததும் நின்னுட்டாங்க. என்னம்மா தேடறேன்னு கேட்டாங்க. கல்லுன்னேன். கம்மல் கல்லா, மூக்குத்திக் கல்லான்னாங்க. இல்லம்மா, சும்மா கல்லுன்னேன். அவங்க என்னை மேலருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பாத்தாங்க. அப்புறம் ஆட்டையெல்லாம் என்கிட்டருந்து கொஞ்சம் தள்ளி ஓட்டிக்கினு போயிட்டாங்க. எதுக்கு வம்புன்னு நெனச்சிருப்பாங்க.

நான் விடல. குனிஞ்சவ நிமிராம பொறுக்கினேன். பழுப்பு, சாம்பல், கருப்பு, பால் வெள்ளைன்னு வாளி நெறைஞ்சுக்கினே வந்துச்சு. ஒண்ணுல கூடக் கோடு இல்ல. எல்லாம் குழந்தைங்க குளத்துல எறியற சாதாக் கூழாங்கல்லு. இடுப்பு விட்டுப்போச்சு. சரி, கிளம்பலாம்னு நிமிந்தேன். அப்பதான் அதைப் பாத்தேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளத்துல தண்ணி தேங்கி நின்னுச்சு. அதோட ஓரத்துல சின்னதா ஒரு மண்மேடு. அதுமேல ஒரு கல்லு. இருட்டு நிறம். அதுல குறுக்கால, வெள்ளையா, பளிச்சுனு மூணு கோடு!

மூணும் ஒரே அகலம். நடுவுல விட்டிருக்கற எடம் கூட அச்சு மாதிரி சமம். நான் கம்ப்யூட்டர்ல போட்டாக் கூட அவ்வளவு சுத்தமா வராது. இயற்கைக்கு யாரு இப்படி டிசைன் சொல்லிக் குடுத்ததுன்னு நெனச்சேன். கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. பொய் சொல்லல.

பக்கத்துல ஒரு ஆடு நின்னுக்கினு இருந்துச்சு. பச்சையா எதையோ மென்னுக்கினு என்னையே பாத்துச்சு. வாய் ஓரத்துல ஒரு சாமந்திப்பூ தொங்குச்சு. தண்ணியில்லாத ஆத்துல ஆட்டுக்கு சாமந்திப்பூ எங்கருந்து கிடைக்கும்னு அந்த நேரத்துல எந்த மனுஷியும் யோசிச்சிருப்பா. நான் யோசிக்கல. கல்லைத் தூக்கி வாளியில போட்டுட்டேன். எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, வரிசையா வெச்சு, ஒரே வீடியோவா எடுத்துக்கலாம்னு அங்க ஒரு போட்டோ கூட எடுக்கல.

வாளியை ஆட்டிக்கிட்டே ஜம்முனு வண்டிக்கிட்ட வந்தேன். பின்னாடி யாரோ கத்தற சத்தம். திரும்பிப் பாத்தா ஒரு கூட்டமே ஓடி வருது. முன்னாடி ஒரு பெரியவர், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு. அவருக்குப் பின்னாடி புதுசா மொட்டை போட்ட ஒருத்தர், முப்பது முப்பத்தஞ்சு வயசிருக்கும், ஈர வேட்டியோட. கூடவே அவர் தங்கச்சி மாதிரி ஒரு பொண்ணு, இன்னும் சொந்தக்காரங்க சில பேரு, கடைசியில பஞ்சகச்சத்தைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஒரு ஐயர். எல்லாருக்கும் வழி காட்டிக்கினு அந்த ஆட்டுக்கார அம்மா.

அந்த அம்மா என்னைக் கை காட்டி, அதோ அதுதான், வாளியில போட்டுக்கினு போனதை நான் பாத்தேன்னு சாட்சி சொன்னாங்க. அவங்க ஆடு இன்னா தின்னுச்சுன்னு யாரும் கேக்கறதுக்கு முன்னாடி முந்திக்கிட்டாங்க. கெட்டிக்கார அம்மா.

மொட்டை போட்டவர் மூச்சு வாங்கிக்கினு என் எதிர்ல வந்து நின்னாரு. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு.

"அக்கா, எங்கப்பாவை எடுத்தீங்களா?"

நான் பதறிட்டேன். யாரோ வயசானவர் காணாமப் போயிட்டாரு போலன்னு நெனச்சேன். இல்லைங்க, நான் வந்ததுலருந்து பெரியவர் யாரையும் பாக்கலைங்க, ஒரு ஆடுதான் நின்னுக்கினு இருந்துச்சு, போலீஸ்ல சொன்னீங்களான்னு அக்கறையா விசாரிச்சேன்.

பெரியவர் வாளியை எட்டிப் பாத்தாரு. "அடக் கடவுளே, அண்ணனை வாளியில போட்டுட்டாங்கடா" அப்படின்னு தலையில கை வெச்சுக்கிட்டாரு.

நடந்தது இதுதான். அந்த மொட்டை போட்டவர் பேரு சரவணன். பிள்ளையார்பாளையத்துல தறி வெச்சிருக்கற குடும்பம். அவங்கப்பா தவறி அன்னிக்குக் கருமாதி. விடிஞ்சதும் ஆத்துக்கு வந்து, ஐயர் மண்மேடு கட்டி, அதுமேல ஒரு கல்லு ஊணி, மந்திரம் சொல்லி அவங்கப்பாவை அந்தக் கல்லுல வரவழைச்சிருக்காரு. முன்னாடி இலை போட்டு, பூ வெச்சு எல்லாம் பண்ணியாச்சு. அப்புறம் சரவணன் மொட்டை போட்டுக் குளிக்கக் கரைமேல இருந்த பம்ப்செட்டுக்குப் போயிருக்காரு. கூட்டமும் கூடவே போயிடுச்சு. ஐயர் காபி குடிக்கப் போயிட்டாரு. கல்லுக்குக் காவல் அந்தப் பெரியவர், செத்துப்போனவரோட தம்பி. அவருக்கு ஒரு போன் வந்துச்சு. ஆத்துக்குள்ள டவர் இல்லன்னு அவரும் மேட்டு மேல ஏறிட்டாரு.

அந்த நேரத்துல இலையையும் பூவையும் ஆடு பாத்துக்கிச்சு. கல்லை நான் பாத்துக்கிட்டேன்.

அந்த மூணு கோடு, விபூதி.

கல்யாணம் ஆன நாளா எங்க வீட்டுக்காரர் குளிச்சிட்டு வந்து நெத்தி நெறைய பட்டை போட்டுக்கிட்டுத்தான் சாப்பிட உக்காருவாரு. வெள்ளையா, குறுக்கால, மூணு கோடு. தினமும் காலையில அந்த நெத்திக்கு எதிர்ல நின்னுதான் இட்லி வெக்கறேன். எங்க ஊர்ல சாமிக்கு மட்டுமில்ல, கல்லாப்பெட்டிக்கும் பட்டை, தறிக்கும் பட்டை. ஆயுத பூஜைக்குப் போட்ட பட்டை என் கம்ப்யூட்டர்லயே இன்னும் இருக்குது. ஆத்தங்கரையில ஒரு கல்லுல அதே பட்டையைப் பாத்துட்டு இயற்கையோட டிசைன்னு கண்ணீர் விட்டவ உலகத்துலயே நான் ஒருத்திதான்.

இதை நான் அவங்ககிட்ட சொல்லல. தெரியாம எடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க, இதோ குடுத்துடறேன்னு வாளிக்குள்ள கையை விட்டேன்.

கையை விட்டவ அப்படியே நின்னுட்டேன். வாளித் தண்ணி லேசா வெளுத்திருந்துச்சு. உள்ள ஒரு கல்லுல கூடக் கோடு இல்ல.

வாளியை வேற நான் ஜம்முனு ஆட்டிக்கிட்டே வந்திருந்தேன்.

அங்கருந்துதான் அசல் கூத்து ஆரம்பிச்சுது. ஐயர், பன்னெண்டு மணிக்கு எமகண்டம் பொறக்குது, அதுக்குள்ள பிண்டம் வெச்சுக் கல்லைத் தண்ணியில விட்டாகணும், இல்லன்னா ஆத்மா நடுவழியில நிக்கும்னு சொன்னாரு. அப்பா போய்ச் சேரணும், அது ஒண்ணுதான் சரவணனுக்கு. எனக்கு அந்தப் பள்ளத்துத் தண்ணியிலயே குதிச்சிடலாமான்னு இருந்துச்சு. முழங்கால் ஆழம்தான், அதனால விட்டுட்டேன்.

ஒரு துண்டை விரிச்சு வாளியைக் கவுத்தாங்க. கல்லெல்லாம் ஈரமா வெயில்ல கிடந்துச்சு. சுத்தி நின்னு எல்லாரும் குனிஞ்சு பாத்தாங்க.

எடுத்தவ நான், நானே சொல்லணும்னாங்க. கோட்டைத்தான் பாத்தேன், கல்லைப் பாக்கலன்னேன். நிறமாவது ஞாபகம் இருக்குதான்னாங்க. இருட்டு நிறம்னு சொன்னேன். நனைஞ்சதுல எல்லாக் கல்லும் இருட்டு நிறமாத்தான் இருந்துச்சு. சரவணனைக் கேட்டா, ஐயர் ஒரு கல்லு எடுத்துக்கினு வரச் சொன்னாரு, அழுதுக்கினே எடுத்தேன், சரியா பாக்கலன்னாரு. ஐயரைக் கேட்டா, வாரத்துல எத்தனையோ கல்லு ஊணறேன், ஒவ்வொண்ணுக்கும் முகம் ஞாபகம் வெச்சுக்க முடியுமான்னாரு.

அதுக்கப்புறம் குடும்பம் அதுவா அடையாளம் கண்டுபிடிக்க ஆரம்பிச்சிடுச்சு.

காவல் இருந்த பெரியவர், சரவணனோட சித்தப்பா, பழுப்புக் கல்லு ஒண்ணைத் தூக்கி, எங்கண்ணன் நல்ல செவப்பு, இதுதான்னாரு. தங்கச்சி விடல. எங்கப்பா மாநிறம், நீங்க பாத்தது கல்யாண போட்டோல பவுடர் போட்டதுன்னுச்சு. ஒருத்தர், அவர் ஒல்லின்னு நீளமா ஒண்ணை எடுத்தாரு. இன்னொருத்தர், கடைசி காலத்துல தொப்பை வெச்சிருந்தாரேன்னு உருண்டையா ஒண்ணை எடுத்தாரு. வழுக்கையை வெச்சுக் கண்டுபிடிக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. கூழாங்கல்லுல வழுக்கை இல்லாதது ஏதுன்னு அதையும் விட்டுட்டாங்க.

ஐயர் நடுவுல புகுந்து, பேசாம புதுசா ஒரு கல்லு ஊணி மறுபடி ஆவாகனம் பண்ணிடலாம்னு சொன்னாரு. எனக்கு உசுரு வந்துச்சு. சித்தப்பா ஒத்துக்கல.

"ஏற்கெனவே வந்தவரு துண்டுல கெடக்கறாரு. இன்னொரு கல்லுல நீங்க யாரைக் கூப்பிடப் போறீங்க சாமி?"

நான் மெதுவா, அப்ப எல்லாக் கல்லுக்கும் சேத்தே பிண்டம் வெச்சுட்டா என்னன்னு கேட்டேன். ஐயர் என்னை ஒரு பார்வை பாத்தாரு.

"இதுல ஒருத்தர் இவா அப்பா. மத்தவா எல்லாம் யாரும்மா? தெரியாதவாளை எல்லாம் கூப்பிட்டு சோறு போட்டுப் பழக்கப்படுத்திட்டா, அடுத்த அமாவாசைக்கு யாராத்து வாசல்ல வந்து நிப்பா தெரியுமா?"

எனக்கு எங்க வீட்டு வாசல் ஞாபகத்துக்கு வந்துச்சு.

நேரம் ஓடிக்கினே இருந்துச்சு. கடைசியில தங்கச்சிதான் சொல்லுச்சு, அம்மாவைக் கேக்கலாம், அவங்களுக்குத் தெரியாத அப்பாவான்னு. அம்மா வீட்டுல பொம்பளைங்களோட உக்காந்திருந்தாங்க. உடனே வீடியோ கால். டவர் கிடைக்கலன்னு துண்டை நாலு மூலையும் புடிச்சுத் தூக்கிக்கிட்டு, குடும்பமே மேட்டு மேல ஏறுச்சு. பின்னாடி காலி வாளியைத் தூக்கிக்கிட்டு நானும் ஏறினேன்.

போன்ல சரவணனோட அம்மா முகம் தெரிஞ்சுது. அழுது வீங்கியிருந்த முகம். என்னன்னு சொல்றதுக்கே தங்கச்சிக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. திட்டுவாங்கன்னு நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவங்க திட்டல. கிட்டக்க காட்டுன்னாங்க. தங்கச்சி போனைத் துண்டு மேல மெதுவா நகத்திக்கினே போச்சு. படம் நின்னு நின்னு வந்துச்சு.

"நில்லு" அப்படின்னாங்க.

தங்கச்சி நிறுத்துச்சு.

"அந்த ஓரத்துல, யாரோடயும் ஒட்டாம, ஒருக்களிச்சுக்கினு கெடக்குது பாரு. அதான் உங்கப்பா. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான் மூஞ்சைத் திருப்பிக்கினு உக்காருவாரு."

எல்லாரும் ஓரத்தைப் பாத்தாங்க. நானும் பாத்தேன். வெள்ளையில செவப்பும் கருப்பும் புள்ளி.

மொசைக்.

அதை நான் பாலத்துக்கு அடியில, இந்தக் கைலதான் எடுத்தேன். அது கல்லே கெடையாது. எவர் வீட்டுக் கூடத்துலயோ காலுக்குக் கீழ கெடந்த தரை. அதுக்குப் போய் பிண்டம் வெச்சா அந்த மனுஷன் ஆத்மா நடுவழியில நிக்குமே, அதுக்கு நான்தானே காரணம்னு பதறி, ஒரு நிமிஷம்னு வாயைத் திறந்துட்டேன். சரவணன் என்னைத் திரும்பிப் பாத்தாரு. அந்தப் பார்வையில வாய் தானா மூடிக்கிச்சு. அதுக்குள்ள சித்தப்பா மொசைக்கை ரெண்டு கையாலயும் எடுத்து, "ஆமாண்ணே, நீதாண்ணே"ன்னு மார்ல வெச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டாரு. போன்ல அந்தம்மாவும் அழுதாங்க. இதுக்கு மேல நெஞ்சு இருக்கற எவளால அது தரைத் துண்டுன்னு சொல்ல முடியும்?

வேலை மளமளன்னு நடந்துச்சு. மண்மேட்டு மேல மொசைக்கை வெச்சாங்க. புதுசா மூணு கோடு விபூதி போட்டாங்க. தூக்கிக்கினு போனவ முடியற வரைக்கும் எழுந்து போகக் கூடாதுன்னு ஐயர் சொல்லிட்டாரு, அதனால நானும் ஓரமா உக்காந்துக்கினு இருந்தேன். காலையில அகேட் பொறுக்க வந்தவ, உச்சி வெயில்ல ஒரு மொசைக் துண்டுக்கு எதிர்ல கை கூப்பி உக்காந்திருக்கேன். ஆடு வராம பாத்துக்கற வேலையும் என்கிட்டயே குடுத்தாங்க.

சோத்து உருண்டை வெச்சாங்க. காக்கா வரல. சரவணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாரு. காக்காவுக்கு மொசைக் தெரிஞ்சிருக்குமோன்னு கூட நெனச்சேன். அப்புறம் எங்கருந்தோ ஒண்ணு வந்து எறங்கி, தலையைச் சாய்ச்சு ஒரு பார்வை பாத்துட்டு, கொத்துச்சு. அண்ணன் ஏத்துக்கினாருன்னு சித்தப்பா தேம்பினாரு. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. அந்த மனுஷன் யாரோ எவரோ, அவர் நல்லபடியா போய்ச் சேரணும்னு நெஜமாவே வேண்டிக்கிட்டேன்.

எமகண்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடி சரவணன் பள்ளத்துத் தண்ணியில எறங்கி, மொசைக்கைத் தோளுக்குப் பின்னாடி போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம கரையேறினாரு. ஐயர் என்கிட்ட வந்து, மீதிக் கல்லையெல்லாம் உடனே இங்கருந்து எடுத்துண்டு போயிடுங்கோ, இனிமே இந்தப் பக்கம் வராதேங்கோன்னு சொன்னாரு. ரெண்டாவதுக்கு எனக்கே சம்மதம்.

வாளியில கல்லை அள்ளிப் போட்டுக்கிட்டு வண்டிக்கு வந்தேன். கால் வெக்கற எடத்துல வாளியை வெச்சேன். சரவணன் வீட்டுக்குப் போற வழியில என்கிட்ட வந்து நின்னாரு. நான் மறுபடியும் மன்னிப்பு கேக்க ஆரம்பிச்சேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினாரு. சித்தப்பா தூரத்துல போறதைப் பாத்துட்டு, கொரலைக் கொறச்சுக்கிட்டு சொன்னாரு.

"அக்கா, அது மொசைக்குன்னு எனக்கும் தெரியும். எங்க வீட்டுத் தரையே மொசைக்தான்."

அப்புறம் ஏம்பா பேசாம இருந்தேன்னு கேட்டேன்.

"அம்மா அதான்னு சொல்லிட்டாங்களே. எங்கப்பா ஒருநாளும் அம்மா பேச்சைத் தட்டினது இல்ல. அவரே நேர்ல வந்திருந்தாலும், ஆமா அது நான்தான்னு ஒத்துக்கினு இருப்பாரு."

அப்ப உங்கப்பான்னு இழுத்தேன்.

சரவணன் குனிஞ்சு வாளியைப் பாத்தாரு. அப்புறம், "இதுலதான் இருக்காரு"ன்னாரு. அவர் திரும்பிப் பாக்காம வீட்டுக்குப் போகணுமாம், மறுபடி ஆத்துல எறங்கக் கூடாதாம். இங்கயே கொட்டினா சித்தப்பா பாத்துடுவாராம். திருமுக்கூடல் வரைக்கும் போய் எல்லாத்தையும் தண்ணியில விட்டுடறீங்களாக்கா, அங்க மூணு ஆறு சேருது, எங்கப்பாவுக்கு எது தோதுப்படுதோ அதுல போய்ச் சேந்துக்குவாருன்னு கேட்டாரு. பண்ணின பாவத்துக்கு நான் காசிக்கே போகச் சொன்னாலும் போயிருப்பேன். கண்டிப்பா போறேம்பான்னேன்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். கால்கிட்ட வெக்காதீங்கக்கான்னாரு. அதுவும் சரிதான். எறங்கி, வாளியைப் பின்னாடி சீட்டுல வெச்சு, என் துப்பட்டாவால இறுக்கக் கட்டினேன். அவர் ஒரு முடிச்சை இழுத்துப் பாத்துட்டு, வாளியைக் கையால ஒரு தடவ தொட்டாரு.

"பாத்து ஓட்டுங்கக்கா. அவருக்கு ஸ்பீடு ஆகாது."

செவிலிமேட்டுலருந்து வாலாஜாபாத் வழியா திருமுக்கூடல் வரைக்கும், மாட்டு வண்டி கூட என்னைத் தாண்டிக்கிட்டுப் போற வேகத்துல போனேன். பின்னாடி வந்த லாரிக்காரர் ஆரன் அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு போய், பக்கத்துல வந்து எட்டிப் பாத்து, வாளிக்குத் துப்பட்டா போத்தியிருக்கறதைப் பாத்து ஒண்ணும் கேக்காம போயிட்டாரு. வேகத்தடை வந்தா கால் ஊணி எறக்கினேன். ஒரு பள்ளத்துல லேசா தூக்கிப் போட்டப்ப, என்னை அறியாம "மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டேன்.

திருமுக்கூடல்ல தண்ணி கொஞ்சம் ஓடிக்கினு இருந்துச்சு. ஒவ்வொரு கல்லா எடுத்து, கண்ணுல ஒத்திக்கிட்டு, தண்ணியில விட்டேன். எது அவரோ தெரியாதே, அதனால எல்லாருக்கும் ஒரே மரியாதை. கடைசிக் கல்லு தண்ணியில முழுகறப்ப மனசு லேசாச்சு. அப்பதான் பாத்தேன், நடுவுல விட்ட ஒண்ணு வெயில்ல தண்ணிக்கு அடியில மினுக்குச்சு. உள்ள வரிவரியா கோடு இருந்த மாதிரி இருந்துச்சு. சத்தியமா நான் குனியல. வாளியை எடுத்துக்கிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து படி ஏறாம வாசல்லயே நின்னு, தலைக்கு ஊத்திக்க ஒரு குடம் தண்ணி எடுத்துக்கினு வாங்கன்னு கூப்பிட்டேன். எங்க வீட்டுக்காரர் வெளிய வந்து என்னைப் பாத்தாரு, காலி வாளியைப் பாத்தாரு.

"கல்லு பொறுக்கத்தான போன? தலைக்கு ஊத்திக்கற அளவுக்கு யாரு தவறிட்டாங்க?"

"நமக்குத் தெரிஞ்சவர் இல்லைங்க. ஆனா திருமுக்கூடல் வரைக்கும் நம்ம வண்டியிலதான் பின்னாடி உக்காந்துக்கினு வந்தாரு"ன்னேன்.